சலவைத் தொழிலாளரின் மூட்டு நோய்கள்

அப்பனும் மகளும் ஒரே வகுப்பில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து படித்தால் தெரு சிரிக்காமல் என்ன செய்யும்? சிரித்தது. இஸ்திரிக்குத் துணி போட வருகிறவர்கள் மூட்டையை இறக்கிவிட்டு, "என்னம்மா, வீட்டுக்காரர் காலேஜுக்குக் கிளம்பிட்டாரா? டிபன் கட்டிக் குடுத்தியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இஸ்திரிக்காரம்மா வாயில் சளைத்தவளா என்ன? "கட்டிக் குடுத்து, தலை சீவி, பவுடரும் போட்டு அனுப்பியாச்சு. உங்க வீட்டுக்காரரையும் சேத்து விடுங்க, துணைக்கு ஆச்சு" என்பாள். சொல்லிக்கொண்டே பெட்டியை அழுத்தி ஒரு இழுப்பு இழுப்பாள். கேட்டவருடைய சட்டைக் காலர் அவள் கையில் மாட்டிக்கொண்டு அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சூடு வாங்கும்.

வீட்டுக்காரருக்குத் தெருவிலும் வேலை செய்கிற இடத்திலும் ஏணி என்று பெயர். ஒரு கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவர். நெடுநெடுவென்று வளர்ந்தவர். மேல்தட்டுப் புத்தகத்துக்கு மற்றவர்கள் ஏணியைத் தேடும்போது இவர் கையை நீட்டி எடுத்துக் கொடுத்துவிடுவார், அதனால் ஏணி. ஆள்தான் உயரம். தைரியத்தை அளந்தால் சாண் தேறாது. நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறவர் யாராக இருந்தாலும் ஏணிக்கு அடிவயிற்றில் புளியைக் கரைக்கும். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் ஏறினால், கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டே வேர்த்துப்போவார். வாங்காதவன் பேசாமல் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பான், பரிசோதகர் நேராக இவரிடம்தான் வருவார்.

இப்படிப்பட்ட மனிதரை இந்த வயதில் படிக்க அனுப்பியது புதிதாக வந்த கல்லூரி முதல்வர். நூலகவியலில் முதுகலைப் பட்டம் இல்லாதவர் இனிமேல் நூலகத்தில் இருக்கக் கூடாது, படித்து வாங்கினால் இருக்கலாம், வாங்காவிட்டால் கிளம்பலாம் என்று சொல்லிவிட்டார். ஏணி எப்போதோ தபால் வழியில் ஒரு பட்டம் வாங்கிப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். அது இருந்ததால் முதுகலையில் சேர வழி இருந்தது. அது இல்லாத மற்ற இரண்டு பேர் அந்த வாரமே கிளம்பிவிட்டார்கள்.

மகள் கதை வேறு. அவளை யாரும் அனுப்பவில்லை. பட்டப்படிப்பு முடித்த கையோடு இதைத்தான் படிப்பேன் என்று அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். புத்தகம் படிப்பதைவிடப் புத்தகத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதில் அவளுக்கு ஒரு வெறி. யாராவது வந்து "பச்சை அட்டை போட்ட புஸ்தகம், பேரு தெரியல, கிணறு வெட்டுறதப் பத்தி" என்று கேட்டால் அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். நூலகர் ஆக வேண்டும், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். அவளுக்கு அதைத் தவிர வேறு எதிலும் ஆசை இல்லை.

நுழைவுத் தேர்வுக்கு இரண்டு பேரும் சேர்ந்தே படித்தார்கள், சேர்ந்தே தேறினார்கள். சேர்க்கைக்கு வரிசையில் நின்றபோது மகள் முன்னால், அப்பா அவள் முதுகுக்குப் பின்னால். அவருக்குத்தான் தனியாக நின்றால் கை நடுங்குமே. அப்படி நின்றதால் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த தேர்வு எண் கிடைத்தது. நடுவில் யாராவது ஒரு புண்ணியவான் வரிசையை உடைத்துப் புகுந்திருக்கலாம். அன்றைக்குப் பார்த்து எல்லாரும் ஒழுங்காக நின்றார்கள்.

வீட்டுப் படிப்பு சாயங்காலத்தில் நடந்தது. வீடு என்பது முன்னறை ஒன்று, சமையலறை ஒன்று. முன்னறையில் பாதியை இஸ்திரி மேசை பிடித்துக்கொண்டது. மீதிப் பாதியில் துணி மூட்டைகள். மூட்டைகளுக்கு நடுவில் பாயைப் போட்டு ஏணி கால்களை மடக்கி உட்காருவார், மடக்கினாலும் முழங்கால் இரண்டும் தோளுக்கு வந்து நிற்கும். மகள் முக்காலியில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பாள்.

மற்ற பாடமெல்லாம் எப்படியோ போயிற்று. பகுப்பு எண் போடுவதுதான் ஏணியின் உயிரை எடுத்தது. நூலகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் உண்டு. தேனீக்கு ஒன்று, தையலுக்கு ஒன்று, காது வலிக்கு ஒன்று. புத்தகம் எதைப் பற்றியது என்று பார்த்து அந்த எண்ணை முதுகில் ஒட்ட வேண்டும். இரண்டு பொருளைப் பற்றிய புத்தகம் என்றால் முதன்மையான எண்ணோடு இன்னொரு எண்ணைச் சேர்க்க வேண்டும். சேர்க்கிற இடத்தில் நடுவில் பூஜ்ஜியம் வரும். சில இடத்தில் ஒன்று, சில இடத்தில் இரண்டு.

"ரெண்டு பூஜ்ஜியம்ப்பா. எப்பவும் ரெண்டு போட்டுடு."

"ஒண்ணு போதாதா பாப்பா? நான் ஒட்டுற புஸ்தகத்துலயெல்லாம் ஒண்ணு போட்டதாத்தான் ஞாபகம்."

"அது பழைய நூலகர் போட்டது. நீ ஒண்ணா ரெண்டான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தா நேரம் போயிடும். ரெண்டு போடு, வம்பில்ல."

"நீ சொன்னா சரிதான்" என்று ஏணி இரண்டு போட்டார். அவள் சொன்னது தப்பு. முழு நிச்சயத்தோடு சொன்ன தப்பு.

இஸ்திரிக்காரம்மா இவர்களுடைய படிப்பைக் காதில் வாங்கிக்கொண்டே தேய்ப்பாள். ஒருநாள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள். "நான் ஒரு புஸ்தகம் சொல்றேன், நம்பர் போடுங்க பாப்போம்."

"சொல்லும்மா."

"இஸ்திரி போடுறவளுக்கு முழங்கால் வலி. அதான் புஸ்தகம்."

மகள் சிரித்தாள். "அது மருத்துவத்துல வரும்மா. மூட்டு நோய்க்குத் தனி எண் இருக்கு. நோய் எதுவோ அதுதான் முதல்ல, யாருக்கு வந்துச்சுங்கறது அப்புறம்தான்."

"ஏன்? டாக்டருக்கா முழங்கால் வலிக்குது? எனக்குத்தான வலிக்குது. அந்தப் புஸ்தகத்த நான் எங்க வந்து தேடுவேன்? இஸ்திரி அலமாரி எங்கன்னு கேட்டு அங்கதான வந்து நிப்பேன். அங்க இல்லேன்னா சரிதான்னு வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க ரெண்டு பேரும் அத டாக்டர் அலமாரியில வச்சுக்கிட்டுக் காவல் காருங்க."

ஏணி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "பாப்பா, உங்கம்மா சொல்றதுல நியாயம் இருக்குது பாரு. தேடி வர்றவன் எங்க தேடுவானோ அங்க வைன்னுதான வகுப்புலயும் சொன்னாங்க?"

மகளுக்கும் அது சரி என்றே பட்டது. அம்மாவுக்கு மரியாதையாகச் சலவைக்கான எண்ணை முதலில் எழுதினாள், இரண்டு பூஜ்ஜியம் போட்டாள், மூட்டு நோயை வாலில் ஒட்டினாள். ஏணியும் அதையே எழுதிச் சுற்றிக் கட்டம் போட்டார். "இப்பத்தான் புஸ்தகம் என் கைக்கு எட்டுது" என்று இஸ்திரிக்காரம்மா மறுபடி பெட்டியை எடுத்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு அதற்குப் பிறகு கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

செய்முறைத் தேர்வு அன்று கேள்வித்தாளில் வெறும் புத்தகத் தலைப்புகளாகக் கொடுத்திருந்தார்கள். தலைப்பைப் பார்த்து எண் போட வேண்டும், எண் எப்படி வந்தது என்று படிப்படியாகக் காட்ட வேண்டும். மகள் முன் மேசையில், ஏணி அவளுக்குப் பின் மேசையில். பாதித் தாள் தாண்டியதும் மகள் ஒரு தலைப்பைப் பார்த்தாள். 'சலவைத் தொழிலாளரின் மூட்டு நோய்கள்.'

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அம்மாவே வந்து கேள்வித்தாளில் உட்கார்ந்துகொண்டது போல இருந்தது. அதே நேரம் பின்னால் பென்சில் விழுகிற சத்தம். அப்பாவும் அந்தக் கேள்விக்கு வந்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. பென்சில் உருண்டு அவள் காலடிக்கு வந்தது. எடுத்துத் திரும்பி நீட்டினாள். ஏணி வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார். தேர்வுக் கூடத்தில் அவர் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. அவளும் ஒரு கணம் சிரித்தாள். கண்காணிப்பாளர் இரண்டு பேரையும் பார்த்தார், எதையோ குறித்துக்கொண்டார்.

தேர்வு முடிந்த சில நாளில் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, விட்டேனா பார் என்று கொட்டுகிற மழை. துணி காயவில்லை. வருகிற துணியெல்லாம் ஈரத்தோடு வந்தது. இஸ்திரிக்காரம்மா ஈரத்தின் மேலேயே பெட்டியை வைத்துக் காய வைத்தாள். அறை முழுக்க ஆவி. சுவர் வேர்த்தது. பாய் ஈரம் கோத்துக்கொண்டது. அந்த ஆவிக்குள் உட்கார்ந்து மகள் சும்மா இருக்க முடியாமல் பகுப்பு முறைப் புத்தகத்தின் முன்னுரையைப் புரட்டினாள். இரண்டு பூஜ்ஜியம் எப்போது போட வேண்டும், ஒன்று எப்போது போட வேண்டும் என்று அங்கே தெளிவாக எழுதியிருந்தது. ஒன்று போட வேண்டிய இடத்திலெல்லாம் இரண்டு போட்டிருக்கிறாள். சரி, தன் மதிப்பெண் போனால் போகட்டும். அப்பாவும் அதே இடத்தில் அதே தப்பைப் போட்டிருப்பாரே! அது போதாதென்று சலவைத் தொழிலாளர் வேறு. வகுப்பில் மற்றவர்கள் அத்தனை பேரும் மருத்துவத்தில்தானே வைத்திருப்பார்கள்? திருத்துகிறவர் ஒரு தாளைத் திருத்திவிட்டு அடுத்த தாளை எடுப்பார். அடுத்த எண். அதே பூஜ்ஜியம், அதே சலவை, அதே வால்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயந்தாள். வாசலில் யாராவது குடையை மடக்கும் சத்தம் கேட்டாலே எழுந்து எட்டிப் பார்த்தாள்.

பயந்தபடியே ஆயிற்று. துறையின் அலுவலக உதவியாளர் வகுப்பு வாசலில் நின்று இரண்டு பேரையும் வெளியே கூப்பிட்டார். "ரெண்டு பேரு பேப்பரும் அச்சு அசலா ஒண்ணா இருக்காம். திங்கக்கிழமை விசாரணை. பாத்து எழுதினவங்களுக்கு மூணு வருஷம் எந்தப் பரீட்சையும் எழுத முடியாது. காட்டினவங்களுக்கு அந்த ஒரு பரீட்சை மட்டும் போகும், மறுபடி எழுதிக்கலாம். யாருன்னு சொல்லலேன்னா ரெண்டு பேருக்குமே மூணு வருஷம். பாத்துச் சொல்லுங்க" என்றார். அவர் நல்ல மனிதர். போகும்போது ஏணியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். தட்டின தட்டில் ஏணி ஒரு அடி நகர்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் தட்டில் அப்படியே ஆறிப்போயிற்று.

"பாத்து எழுதல, சேந்து படிச்சோம்னு சொல்லுங்க" என்றாள் இஸ்திரிக்காரம்மா. "இதுல என்ன இருக்கு? மடியில கனமில்லேன்னா வழியில எதுக்குப் பயம்?"

இந்தப் பழமொழியைச் சொன்னவன் விசாரணை அறைக்கு வெளியே ஒரு நாளும் உட்கார்ந்திருக்க மாட்டான். மடியில் கனமில்லாதவனுக்குத்தான் காட்டுவதற்கும் ஒன்றும் இருக்காது.

"சொல்லிப் பாத்துட்டேன்மா" என்றாள் மகள். "துறைத் தலைவர் அறைக்கே போய்ச் சொன்னேன். மாட்டுறவங்க எல்லாரும் சேந்து படிச்சோம்னுதான் சொல்றாங்கன்னுட்டாரு. பென்சில் விழுந்தத வேற கண்காணிப்பாளர் எழுதிக் குடுத்திருக்காரு. திரும்பிப் பாத்தோம், சிரிச்சோம்னு."

"சிரிச்சது குத்தமா?"

"பரீட்சையில குத்தம்தான்."

"என்னைக் கூட்டிட்டுப் போங்க. அந்தக் கேள்வி என் கேள்வின்னு நான் சொல்றேன். என் முழங்காலத் தூக்கிக் காட்டுறேன்."

மகளுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வரப் பார்த்தது. ஏணி மட்டும் சுவரில் சாய்ந்து வெறித்துக்கொண்டிருந்தார். "வேலை போயிடும்" என்றார். "மூணு வருஷம்னா முதல்வர் மூணு நாள்கூட வச்சிருக்க மாட்டாரு. வெளிய அனுப்பிடுவாரு. எனக்குப் புஸ்தகம் அடுக்குறதத் தவிர என்ன தெரியும்? இந்த வயசுல யாரு கூப்பிடுவா?"

"நான் இருக்கேன்ல? பெட்டி இருக்கு" என்றாள் மனைவி.

"உன் முழங்கால்ல நிக்கவே முடியல. நீ எத்தன நாளைக்கு?" என்றவர் சட்டென்று எழுந்து போய் வாசல் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். போட்டுத்தான் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்து போய் இழுத்துப் பார்த்தார். "யாரும் வரலங்க, உக்காருங்க" என்று இஸ்திரிக்காரம்மா அதட்டினாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஏணிக்குத் தாழ்ப்பாளும் பேய்தான்.

மகள் அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல்தட்டிலிருந்து தடிமன் தடிமனான புத்தகங்களை ஒற்றைக் கையால் எடுக்கிற கை, இப்போது ஒரு டீத் தம்ளரைப் பிடிக்க முடியாமல் தரையில் வைத்துவிட்டது. ஒண்ணு போதாதா பாப்பா என்று இந்த மனிதர் கேட்டார். சரியாகத்தான் கேட்டார். அவள்தான் ரெண்டு போடு என்று அடித்துச் சொன்னாள். தப்பை அவருக்குள் ஏற்றியவள் அவள். அப்படியிருக்க மூணு வருஷத்தை அவர் ஏன் சுமக்க வேண்டும்?

நானே பார்த்து எழுதினேன் என்று சொல்லிவிடலாம். திரும்பினவள் நான்தானே, கண்காணிப்பாளரும் அதைத்தானே எழுதியிருக்கிறார், நம்பிவிடுவார்கள். இந்த எண்ணம் வந்ததும் அவளுக்குத் தைரியம் வரவில்லை, இன்னும் பயம்தான் வந்தது. எனக்கு வயசிருக்கிறது, மூணு வருஷம் கழித்து எழுதிக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. மூணு வருஷத்தில் என்னென்னவோ நடக்கும். கல்யாணம் என்பார்கள். வேறு வேலைக்குப் போ என்பார்கள். பார்த்து எழுதியவள் என்ற பெயரோடு எந்த நூலகம் மேசையில் உட்கார வைக்கும்? அவளுக்கு அந்த மேசை வேண்டும். அப்பாவும் வேண்டும். இரண்டில் ஒன்றுதான் என்றால் என்ன செய்ய? ஞாயிற்றுக்கிழமை முழுக்க அம்மாவுக்கு ஈரத் துணி உதறிக் கொடுத்துக்கொண்டே இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு வெள்ளைச் சட்டையை மடிக்கும்போது முடிவு செய்துவிட்டாள். அப்பாவிடம் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் விடமாட்டார். அவர் முந்திக்கொண்டு பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாலும் போட்டுக்கொள்வார். அதற்கு முன்னால் நாம் சொல்லிவிட வேண்டும்.

திங்கட்கிழமையும் மழை விடவில்லை. ஏணி கல்யாணத்துக்குப் போகிறவர் போல் நன்றாகத் தேய்த்த சட்டை போட்டிருந்தார். இஸ்திரிக்காரம்மா அதை இரண்டு தடவை தேய்த்திருந்தாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வாசலில் மகளிடம் மட்டும், "அப்பாவப் பாத்துக்கோ. அவரு ஒரு மாதிரி இருக்காரு" என்றாள்.

விசாரணை அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. எதிரில் மூடிய கதவு. கதவுக்கு மேலே ஒரு குழல்விளக்கு விட்டு விட்டு எரிந்தது. ஏணி குடையை முழங்காலுக்கு நடுவில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டி அவர் செருப்புக்கடியில் ஓடியது.

"அப்பா."

"ம்."

"கேட்டா பதறாத. சேந்து படிச்சோம்னு மட்டும் சொல்லு. மத்தத நான் பாத்துக்கறேன்."

"நீ என்ன பாத்துக்கப் போற?"

"பாத்துக்கறேம்ப்பா."

"பாப்பா, உள்ள எத்தன பேரு இருக்காங்க?"

"மூணு பேருதான்."

"மூணு பேரா!" என்றார் ஏணி. முப்பது பேர் என்று சொன்னதுபோல அவர் முகம் வெளுத்தது.

எண் வரிசைப்படி மகளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள் என்று அவள் நம்பியிருந்தாள். அவள் போட்ட திட்டமெல்லாம் அந்த நம்பிக்கையின் மேல் நின்றது. கதவு திறந்தது. உதவியாளர் தலையை நீட்டி, "பெரியவர் முதல்ல வாங்க" என்றார். வயசுக்கு மரியாதை கொடுத்தார்களாம்! அந்த மரியாதையைக் கொண்டுபோய் வேறு எங்காவது கொடுத்திருக்கக் கூடாதா? மகள் எழுந்து, "சார், நான் முதல்ல..." என்று சொல்வதற்குள் ஏணி குடையோடு உள்ளே போய்விட்டார். பாதி வழியில் குடை நினைவு வந்து திரும்பி, அதை அவள் கையில் கொடுத்துவிட்டு மறுபடி போனார். கதவு மூடிக்கொண்டது.

மகள் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள். காதைத் தீட்டிக் கேட்டாள். மழைச் சத்தம்தான். ஒருமுறை யாரோ குரலை உயர்த்தியது கேட்டது, என்னவென்று தெரியவில்லை. அப்பாவின் குரல் கேட்கவே இல்லை. சொல்லியிருப்பார், நான்தான் பார்த்து எழுதினேன் என்று சொல்லியிருப்பார் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. எழுந்து கதவைத் தட்டிவிடலாமா என்று நினைத்தாள். குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

கதவு திறந்தது. ஏணி வெளியே வந்தார். அவளைப் பார்க்கவில்லை. பெஞ்சையும் தாண்டிப் போய் வராந்தாவின் கடைசித் தூண் பக்கம் மழையைப் பார்த்து நின்றுகொண்டார். சாரல் அந்தத் தேய்த்த சட்டையை நனைத்தது. அவர் நகரவில்லை. மகளுக்கு இனிமேல் சந்தேகமே இல்லை. தன்னையே கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். ஐயோ அப்பா, என்னப்பா பண்ணிட்டே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. உதவியாளர் கூப்பிடுவதற்கு முன்பே அவள் உள்ளே போய்விட்டாள்.

நீள மேசை. நடுவில் தேர்வு அதிகாரி. ஒரு பக்கம் துறைத் தலைவர், இன்னொரு பக்கம் தாளைத் திருத்திய அம்மா. மேசை மேல் இரண்டு விடைத்தாள்கள் பக்கத்தில் பக்கத்தில் விரிந்து கிடந்தன. அப்பாவின் குண்டு குண்டு எழுத்தும் அவளுடைய சின்ன எழுத்தும். நடுவில் இருக்கிற பூஜ்ஜியங்களில் எல்லாம் சிவப்பு வட்டம்.

"உக்காரும்மா" என்றார் தேர்வு அதிகாரி. "நீளமாப் பேச வேண்டியதில்ல. உங்கப்பா எல்லாத்தையும் சொல்லிட்டாரு."

மகள் உட்காரவில்லை. "சார், அவரு சொன்னது பொய் சார். அவரு பயந்தாங்கொள்ளி. எனக்காகச் சொல்லியிருக்காரு. அவரு பாத்து எழுதல. நான்தான் பாத்து எழுதினேன். பென்சில எடுக்கற சாக்குல திரும்பிப் பாத்தேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது. அவர விட்டுடுங்க சார்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திருத்திய அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"அதைத்தாம்மா உங்கப்பாவும் சொன்னாரு" என்றார் தேர்வு அதிகாரி. "நீ திரும்பிப் பாத்து எழுதினேன்னு."

மகளுக்கு முதலில் அது புரியவில்லை. அப்படியா சார் என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் புரிந்தது. தலையை ஆட்டினாள். "ஆமா சார்" என்றாள். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டாள். அப்போது பார்த்து அவள் கை நடுங்கவே இல்லை. பயம் போய்விட்டது, பயப்பட இனி என்ன இருக்கிறது?

"வீட்டுலதான் சேந்து படிச்சீங்களா?" என்று திருத்திய அம்மா மெல்லக் கேட்டாள்.

"ஆமா மேடம்."

அந்த அம்மா இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். தேர்வு அதிகாரி, "அதான் ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லிட்டாங்களே மேடம்" என்று தாள்களை மூடிவிட்டார்.

வெளியே வந்தபோது ஏணி தூணை விட்டு நகர்ந்து நின்றார். குடையை வாங்கி விரித்தார். வழி முழுக்கக் குடையை அவள் தலைக்கு மேலேயே பிடித்துக்கொண்டு, தான் தெப்பமாக நனைந்தபடி நடந்தார். "கிட்ட வாப்பா" என்று அவள் சொன்னதற்கு, "பரவால்ல" என்றார். அவளுக்கு ஒன்றே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. நீ சொன்னது தெரியாமலேதான் நானும் அதைச் சொன்னேன், சொல்லணும்னுதான் போனேன், நீ சொல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேன்.

"அப்பா, நான் முன்னாடியே அதத்தான் சொல்லணும்னு..."

"வேணாம் பாப்பா" என்றார் ஏணி. "வேணாம்." மகள் தன்னைத் தேற்றுவதற்காக ஒரு பொய்யை இட்டுக்கட்டுகிறாள் என்று அவர் நினைத்தார். அது பொய் இல்லை என்று காட்ட அவளிடம் என்ன இருக்கிறது?

வீட்டு வாசலிலேயே இஸ்திரிக்காரம்மா நின்றிருந்தாள். இரண்டு முகத்தையும் பார்த்தாள். "என்னாச்சு?"

"எனக்கு மூணு வருஷம்மா" என்றாள் மகள். "அப்பா மறுபடி எழுதிக்கலாம். வேலைக்கு ஒண்ணும் இல்ல."

"நீ பாத்து எழுதினேன்னு யாரு சொன்னது?"

"நான்தாம்மா சொன்னேன். நானே சொன்னேன்."

இஸ்திரிக்காரம்மா அவளை விட்டுவிட்டுக் கணவரைப் பார்த்தாள். அவர் ஈரச் சட்டையின் பொத்தானைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தார், கழன்று வரவில்லை.

"நீங்க என்னங்க சொன்னீங்க?"

ஏணி அதே பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"உங்களத்தான் கேக்கறேன்."

"நானும் அதத்தான் சொன்னேன்" என்றார் ஏணி.

"யாரு முதல்ல உள்ள போனது?"

"நான்" என்றார்.

இஸ்திரிக்காரம்மா அவர் பக்கத்தில் வந்து அந்தப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையை உருவி எடுத்து, ஈர மூட்டையோடு போட்டாள். பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். ஆறிப்போயிருந்தது. மறுபடி சூடு பண்ணத் தொடங்கினாள்.

மகள் அதற்குப் பிறகு வகுப்புக்குப் போகவில்லை. பகலில் அம்மாவோடு மேசையில் நின்றாள். மடிக்கக் கற்றுக்கொண்டாள், காலரைச் சுடாமல் தேய்க்கக் கற்றுக்கொண்டாள். படிப்பு என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்கு இஸ்திரிக்காரம்மா வழக்கம் போல வாயடிக்கவில்லை. "துணி எத்தனை இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

ஏணிக்கு மறுதேர்வு வந்தது. அதில் தவறினால் வேலையும் போய்விடும், மகள் மூணு வருஷம் கொடுத்ததும் வீணாகிவிடும். அதனால் மகளே மறுபடி பகுப்பு முறைப் புத்தகத்தை எடுத்து முக்காலியில் உட்கார்ந்தாள். கோபமா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கோபப்பட நேரமில்லை, தேர்வு பக்கத்தில் இருந்தது.

ஏணி அதே பாயில் வந்து உட்கார்ந்தார். ஆனால் கால் மடக்கி, முதுகை நேராக்கி, கை இரண்டையும் தொடைமேல் வைத்துக்கொண்டார். அவள் சொன்னதையெல்லாம் எழுதினார். ஒரு சந்தேகம் கேட்கவில்லை. சிரிக்கவில்லை. அவள் விரலை நீட்டி ஒரு வரியைக் காட்டினால், அந்த விரலைப் பார்த்தாரே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. இஸ்திரிக்காரம்மா தேய்த்துக்கொண்டே இரண்டு பேரையும் கவனித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பகுதி முடிந்தது. நெற்றியில் வேர்த்திருந்தார். மகளுக்குப் பாவமாக இருந்தது. குரலைத் தாழ்த்தி, எவ்வளவு பதமாகக் கேட்க முடியுமோ அவ்வளவு பதமாகக் கேட்டாள்.

"புரிஞ்சுதாப்பா?"

ஏணி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"புரிஞ்சுதுங்க" என்றார்.